கொக்கலை வாவியிலிருந்து புறப்பட்ட விமானி

‘ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல்’ என்றவுடன் இன்று எம் நினைவுக்கு வருவது 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி. தேவாலயங்களிலும் விடுதிகளிலும் சிந்திய இரத்தம் இன்னும் காயாத நினைவாகவே இருக்கிறது. ஆனால் எனக்கு முந்திய தலைமுறையினருக்கு அந்தச் சொற்றொடர் வேறொரு நாளைக் குறித்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலையில், யப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ‘குண்டு போட்ட காலம்’ என்று அதைக் குறிப்பிடுவார்கள். ஒரு பிள்ளையின் பிறந்த ஆண்டைச் சொல்வதற்கும், ஒரு வீட்டின் வயதைக் கணிப்பதற்கும் அவர்களுக்கு அது ஓர் எல்லைக்கல்லாக இருந்தது. கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்கள் பெட்டி படுக்கைகளுடன் புகையிரதம் ஏறி ஊர் வந்து சேர்ந்த கதைகளை அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

பத்திரிகைத் தொழிலில் சேர்ந்த பின்னர், ஏப்ரல் மாதம் பிறந்தால் ஆசிரிய பீடத்தில் யாராவது ஒருவர் அந்தத் தாக்குதலைப் பற்றிய நினைவுக் கட்டுரையொன்றை எழுதுவது வழக்கமாக இருந்தது. அவ்வாறான கட்டுரைகளில் தவறாமல் இடம்பெறும் பெயர் ஒன்று உண்டு. கனடிய விமானி லெனார்ட் பேர்ச்சல். ‘இலங்கையின் இரட்சகர்’ என்ற பட்டமும் அந்தப் பெயருக்கு முன்னால் தவறாமல் இடம்பெறும். யப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார், சுட்டு வீழ்த்தப்பட்டார், சிறைப்பட்டார் என்ற மூன்று வரிகளோடு அவருடைய கதை முடிந்துவிடும்.

‘சிறைப்பட்டார்’ என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் மூன்று ஆண்டுகளும் நான்கு மாதங்களும் அடங்கியிருக்கின்றன. அவருடைய வாழ்வின் உண்மையான சாதனை அந்தக் காலத்தில்தான் இருக்கிறது என்பதே எனது எண்ணம். அதனைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

லெனார்ட் ஜோசப் பேர்ச்சல் 1915ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் திகதி கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சென். கதரின்ஸ் என்ற நகரில் பிறந்தவர். கிங்ஸ்ரனிலுள்ள ரோயல் இராணுவக் கல்லூரியில் பயின்று 1937இல் பட்டம் பெற்று, கனடிய வான்படையில் விமானியானார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது நோவா ஸ்கோஷியா கரையோரத்திலிருந்து கப்பல் தொடரணிகளுக்குக் காவலாகவும், நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடியும் பறப்பது அவருடைய பணியாக இருந்தது.

அவருடைய குணத்தைக் காட்டும் ஒரு சம்பவம் அந்தக் காலத்தில் நிகழ்ந்தது. 1940 ஜூன் 10ஆம் திகதி இத்தாலி போரில் குதித்தது. அந்த நேரத்தில் ‘கப்போ நோலி’ என்ற இத்தாலிய வணிகக் கப்பல் கனடாவின் சென். லோறன்ஸ் வளைகுடாவிலிருந்து வெளியேறித் தப்பிச் செல்ல முயன்றுகொண்டிருந்தது. பேர்ச்சல் தமது விமானத்தைத் தாழப் பறக்கவிட்டு, குண்டு வீசப்போவதுபோல அக்கப்பலை நோக்கிப் பாய்ந்தார். பதறிப்போன கப்பல் தலைவர் கப்பலைக் கரையில் ஏற்றித் தரைதட்ட வைத்துவிட்டார். பேர்ச்சல் அருகிலேயே நீரில் விமானத்தை இறக்கி, கனடியக் கடற்படை வந்து சேரும்வரை காத்திருந்தார். உயிர்ச்சேதமின்றிக் காரியம் முடிந்தது. கையில் உள்ளதைக்கொண்டு, இழப்பில்லாமல், நிதானமாக ஒரு காரியத்தை முடிக்கும் இயல்பு பின்னாளில் அவருக்கும் அவரை நம்பியிருந்த நூற்றுக்கணக்கானோருக்கும் கைகொடுத்தது.

1942இன் தொடக்கத்தில் அவர் 413ஆம் படையணியில் இணைந்தார். ஸ்கொட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளில் தளம் அமைத்திருந்த இப்படையணியிடம் ‘கற்றலினா’ எனப்படும் பறக்கும் படகுகள் இருந்தன. நீரிலிருந்து எழுந்து நீரிலேயே இறங்கும் இந்த விமானங்களின் வேகம் குறைவு. ஆனால் நாள் முழுவதும் வானில் நின்று கடலைக் கண்காணிக்கக்கூடியவை. பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. இந்து சமுத்திரத்தில் பிரித்தானியாவுக்கு எஞ்சியிருந்த முக்கிய தளம் இலங்கைதான். வட கடலின் குளிரில் பறந்துகொண்டிருந்த 413ஆம் படையணி காலிக்குத் தெற்கேயுள்ள கொக்கலைக்கு அனுப்பப்பட்டது.

கொக்கலை என்றவுடன் சிங்கள இலக்கியத்தை அறிந்தவர்களுக்கு மார்ட்டின் விக்கிரமசிங்க நினைவுக்கு வருவார். அவர் பிறந்த ஊர் அது. வாவியைப் பறக்கும் படகுகளின் தளமாக்குவதற்காகக் கிராமத்தவர்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார்கள். ஊரின் வீடுகள் அழிந்துபோக, விக்கிரமசிங்கவின் வீடு தப்பிப் பிழைத்தது. இன்று அது அரும்பொருட்காட்சியகத்தின் ஒரு பகுதி. இலங்கையைக் காப்பதற்கான போரில் முதலில் வீடிழந்தவர்கள் கொக்கலைக் கிராமத்தின் எளிய குடும்பங்கள். எந்தப் போரைப் பற்றி எழுதும்போதும் இப்படியொரு பத்தியை எழுத வேண்டியிருக்கிறது. பிற்காலத்தில் வேறு பெயர்களோடும் வேறு ஊர்களோடும் அதனை எழுத நேர்ந்த செய்தியாளன் என்பதால் இங்கு அதைக் கடந்து செல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேர்ச்சல் ஏப்ரல் 2ஆம் திகதி கொக்கலையில் வந்து இறங்கினார். ஏப்ரல் 4ஆம் திகதி விடியற்காலையில் எட்டுப் பேரைத் துணையாகக்கொண்டு தென்கிழக்குத் திசையில் ரோந்துக்குப் புறப்பட்டார். அவர்களில் கனடியரும் இருந்தனர், பிரித்தானியரும் இருந்தனர். அவர் இலங்கைக்கு வந்து இரண்டு நாட்கள்தான் ஆகியிருந்தன. தீவின் எந்தப் பகுதியையும் அவர் பார்த்திருக்க அவகாசம் இருந்திராது.

பகல் முழுவதும் கடல் வெறுமையாகவே கிடந்தது. பிற்பகலில், திரும்புவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று பறந்துகொண்டிருந்தபோது தொடுவானத்தில் சில புள்ளிகள் தென்பட்டன. கிட்டச் சென்று பார்த்தால்தான் யாருடைய கப்பல்கள் என்று தெரியும். கிட்டச் சென்றால் திரும்ப முடியாமற் போகலாம். அவர் கிட்டச் சென்றார். இலங்கையிலிருந்து ஏறத்தாழ 350 மைல் தொலைவில் அட்மிரல் நகுமோவின் படை வந்துகொண்டிருந்தது. நான்கு மாதங்களுக்கு முன் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியழித்த அதே படை. ‘அக்காகி’, ‘ஹிரியு’, ‘சொரியு’, ‘ஷொக்காக்கு’, ‘சுயிக்காக்கு’ என ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும், அவற்றைச் சூழ்ந்து போர்க்கப்பல்களும் நாசகாரிகளும் அதில் இருந்தன.

கப்பல்களின் எண்ணிக்கை, இருக்குமிடம், செல்லும் திசை, வேகம் ஆகியவற்றைச் சங்கேத மொழியில் தந்தியடிக்க வேண்டும். ஒரே செய்தியை மூன்று முறை அனுப்ப வேண்டும் என்பது விதி. தந்தி அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தபோதே ‘சீரோ’ போர் விமானங்கள் சூழ்ந்துகொண்டன. வானொலிக் கருவி சிதறியது. எரிபொருள் தாங்கி தீப்பற்றியது. பேர்ச்சல் எரியும் விமானத்தைக் கடலில் இறக்கினார். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீரில் மிதந்தவர்கள்மீதும் சூடு நடத்தப்பட்டது. படுகாயமுற்றிருந்த இருவர் அதில் மாண்டனர். எஞ்சிய ஆறு பேரை ‘இசோகசே’ என்ற நாசகாரி தூக்கியெடுத்தது.

செய்தி அனுப்பினீர்களா இல்லையா என்பதே யப்பானியர் கேட்ட முதற் கேள்வி. அடி உதைகளுக்கு நடுவே அவர்கள் இல்லை என்றே சாதித்தார்கள். ஆனால் தெளிவில்லாமல் கிடைத்த அந்தச் செய்தியைத் திரும்ப அனுப்புமாறு கொழும்பு கேட்டது. அந்தக் கேள்வி யப்பானியரின் காதிலும் விழுந்தது. அடி மேலும் கூடியது.

மறுநாட் காலையில் 120க்கும் மேற்பட்ட யப்பானிய விமானங்கள் கொழும்பின்மேல் வந்தன. துறைமுகத்தில் ‘டெனெடொஸ்’ என்ற நாசகாரியும், ‘ஹெக்டர்’ என்ற ஆயுதந்தரித்த வணிகக் கப்பலும் மூழ்கின. இரத்மலானை தாக்கப்பட்டது. அங்கொடை மனநல மருத்துவமனையிலும் குண்டு விழுந்தது. அன்று பிற்பகல் நடுக்கடலில் ‘டோர்செட்ஷயர்’, ‘கோர்ண்வால்’ என்ற இரு பெரும் குரூசர்கள் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் மாண்டனர். நான்கு நாட்களின் பின் ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதமொன்று நாட்கணக்கில் எரிந்தது. மட்டக்களப்புக் கடலில் ‘ஹேர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 உயிர்களோடு மூழ்கியது. அக்கப்பல் இன்றும் அந்தக் கடலடியில்தான் கிடக்கிறது.

இனி, அந்தப் பட்டத்துக்கு வருவோம். போரின் மிக ஆபத்தான தருணம் எது என்று போர் முடிந்தபின் வாஷிங்டனில் நடந்த விருந்தொன்றில் கேட்கப்பட்டபோது, யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வருகிறது என்ற செய்தி கிடைத்த தருணமே என்று வின்ஸ்டன் சேர்ச்சில் பதிலளித்ததாக ஒரு கதை உண்டு. பின்னாளில் கனடாவின் பிரதமரான லெஸ்டர் பியர்சனின் வழியாக வந்த கதை அது. ‘இலங்கையின் இரட்சகர்’ என்ற பட்டம் நிலைத்ததற்கு அக்கதையும் ஒரு காரணம்.

வரலாற்றாய்வாளர்கள் இதனை அவ்வளவு இலகுவாக ஏற்றுக்கொள்வதில்லை. யப்பானியர் ஏப்ரல் முதலாம் திகதியளவில் தாக்கக்கூடும் என்பதைப் பிரித்தானியப் புலனாய்வுத் துறை மார்ச் மாத இறுதியிலேயே கணித்திருந்தது. அட்மிரல் சொமர்வில் தமது கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே நிறுத்திச் சில நாட்கள் காத்திருந்தார். எதிரி வராததால், ஏப்ரல் 2ஆம் திகதி இரவு, எரிபொருளும் நீரும் நிரப்புவதற்காக மாலைதீவின் அட்டு அட்டோலை நோக்கிப் படையின் பெரும்பகுதி திரும்பியது. ஆகவே நகுமோ தேடி வந்த கப்பற்படை கொழும்பில் இருக்கவில்லை. யப்பானுக்கு அந்த வேளையில் இலங்கையில் படையிறக்கும் திட்டமும் இருக்கவில்லை. தரைப்படை அதற்கு இணங்கவில்லை. அது தாக்கிவிட்டுத் திரும்பும் நடவடிக்கைதான்.

எச்சரிக்கை முழுமையாகப் பயன்பட்டதா என்றால் அதுவும் இல்லை. தாக்குதல் வரும் என்று தெரிந்திருந்தும், ஞாயிறு காலையில் ராடாரிலிருந்து உரிய எச்சரிக்கை வரவில்லை. யப்பானிய விமானங்கள் தலைக்கு மேல் வந்தபின்னரே இரத்மலானையிலிருந்த போர் விமானங்கள் அவசரமாக எழுந்தன. எனினும் பேர்ச்சலின் செய்தியால் விளைந்த நன்மை கணிசமானது. ஊகமாக இருந்த ஒன்று உறுதியானது. கடலோடக்கூடிய கப்பல்கள் பல இரவோடிரவாகத் துறைமுகத்தைவிட்டு வெளியேற்றப்பட்டன. விமானிகளும் பீரங்கிப் படையினரும் விழித்திருந்தார்கள். கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைக்கப்பட்டிருந்த, யப்பானியர் அறியாத ஓடுபாதையிலிருந்தும் விமானங்கள் எழுந்து போரிட்டன. உயிர்கள் பல காப்பாற்றப்பட்டன என்பதில் ஐயமில்லை. நாடு காப்பாற்றப்பட்டது என்பது மிகை.

இன்னுமொன்றையும் கூற வேண்டும். ஏப்ரல் 4ஆம் திகதி இரவு அதே யப்பானியப் படையைப் பின்தொடர்ந்து கண்காணிக்க மற்றொரு கற்றலினா அனுப்பப்பட்டது. அதில் சென்ற எவரும் திரும்பவில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி, பேர்ச்சலின் படையணியைச் சேர்ந்த ரே தோமஸ் என்ற விமானி அந்தப் படையை மீண்டும் கண்டு செய்தி அனுப்பத் தொடங்கினார். அவரும் துணைவர்களும் வீழ்த்தப்பட்டு மாண்டனர். பேர்ச்சல் செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். அவர்களை எவரும் இரட்சகர் என்று அழைக்கவில்லை. பட்டங்கள் பெரும்பாலும் உயிரோடு திரும்பியவர்களைத்தான் தேடி வருகின்றன. இதனைப் பேர்ச்சலின் குறையாகச் சொல்லவில்லை. வீரத்தை நினைவுகூரும் நமது முறையின் குறை இது.

ஆகவே அந்தப் பட்டத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, அதன் பின் நடந்ததைப் பார்ப்போம்.

பிடிபட்டவர்கள் யப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, யொக்கொகாமாவுக்கு அருகிலுள்ள ஒபுனா முகாமில் அடைக்கப்பட்டார்கள். யப்பானியக் கடற்படை நடத்திய விசாரணை முகாம் அது. அங்கிருந்தவர்கள் போர்க்கைதிகளாகப் பதிவு செய்யப்படவில்லை. செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் பெயர்கள் அறிவிக்கப்படவில்லை. ஒருவரோடொருவர் பேசுவதும் தடை. அடியும் பட்டினியும் அன்றாட நடைமுறை.

பதிவேட்டில் பெயரில்லாத கைதி என்றால் என்னவென்று இந்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அவன் உயிரோடிருக்கிறான், ஆனால் அவன் வீட்டாருக்கு அவன் இல்லை. அழவும் முடியாது, அழாமலிருக்கவும் முடியாது. கையில் புகைப்படத்தோடு தெருவோரத்தில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருக்கும் தாய்மார்களைச் செய்தியாக்கி எழுதியவன் நான். ஒபுனாவைப் பற்றி முதன்முதலில் வாசித்தபோது என் மனக்கண்ணில் வந்தது யப்பான் அல்ல.

ஒபுனாவின் பின்னர் பேர்ச்சல் யொக்கொகாமாப் பகுதியிலிருந்த உழைப்பு முகாம்களுக்கு மாற்றப்பட்டார். அவ்வாறான முகாமொன்றில் பதவியால் மூத்த அதிகாரி என்ற வகையில் கைதிகளுக்குப் பொறுப்பாளராக நிற்க வேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. அவருக்கு அப்போது வயது முப்பதைக்கூட எட்டியிருக்கவில்லை. கைதிகளில் பலர் ஏற்கெனவே நோயாளிகள், பசியால் குணம் திரிந்தவர்கள், தோல்வியால் அதிகாரிகள்மீது வெறுப்புற்றவர்கள். தோளிலிருந்த பட்டிகளுக்கு அங்கே மதிப்பில்லை. கட்டளையிட்டால் கேட்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை.

அவர் தொடங்கிய இடம் சோற்றுக் கிண்ணம். உணவு பகிரப்படும்போது சாதாரணச் சிப்பாய்களுக்கே முதலில். அதிகாரிகள் கடைசியில். அதிகாரியின் கிண்ணத்தில் தன்னுடையதைவிடக் கூடுதலாக இருப்பதாக எந்தச் சிப்பாய்க்காவது தோன்றினால், அவன் உடனேயே தனது கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு அதிகாரியின் கிண்ணத்தை எடுத்துக்கொள்ளலாம். இது அவர் வகுத்த விதி. பிற்காலத்தில் தலைமைத்துவம் பற்றி இளம் அதிகாரிகளுக்கு உரையாற்றும்போது இதனை அவரே விபரித்திருக்கிறார்.

இந்த விதியை வாசிக்கும்போது எனக்கு இராணுவக் கையேடு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பஞ்ச காலத்தில் நமது வீடுகளில் நடந்ததுதான் நினைவுக்கு வந்தது. பானையில் இருப்பது எவ்வளவு என்பது தாய்க்குத் தெரியும். பிள்ளைகள் சாப்பிட்டு முடிந்தபின் தகப்பனுக்கு. அதன்பின் மீதியிருந்தால் தனக்கு. குடும்பத்தைக் கட்டிக் காப்பது என்றால் என்னவென்று கேட்டால், கடைசியாகச் சாப்பிடுவது என்று பதில் சொல்லலாம். மனைவி மக்களிடமிருந்து ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் அடைபட்டுக் கிடந்த ஆண்களை அவர் ஒரு குடும்பமாக்கினார். அதற்குத் தலைவனாக இருக்கும் உரிமையை அந்தக் கிண்ணத்தின் மூலமே சம்பாதித்தார்.

அடுத்தது நோயாளிகள். வேலைக்குச் செல்ல இயலாதவர்களையும் வேலைக்கு இழுத்துச் செல்வது முகாம்களின் வழமை. ஒருமுறை, நோயாளி ஒருவரை வதைத்து வேலைக்குத் துரத்திய யப்பானியப் படைவீரனைப் பேர்ச்சல் கையால் தாக்கினார். கைதியொருவன் காவலனை அடிப்பது மரணத்தை அழைப்பதற்குச் சமம். கொடிய தண்டனையை அனுபவித்தார். ஆனால் உயிர் தப்பினார். 1944இல் நோயாளிகளை வேலையிலிருந்து விடுவிக்கும்வரை எவரும் வேலை செய்வதில்லை என்று முகாமிலிருந்தோர் அனைவரையும் நிலத்தில் அமரவைத்தார். ஆயுதமற்ற, பட்டினியால் மெலிந்த மனிதர்களின் உள்ளிருப்புப் போராட்டம் அது. நோயாளிகள் விடுவிக்கப்பட்டார்கள். பேர்ச்சல் அடித்து நொறுக்கப்பட்டு, ஓமோரியிலிருந்த தண்டனை முகாமுக்கு அனுப்பப்பட்டார்.

‘கப்போ நோலி’ கப்பலைக் கரையேற்றிய அதே மனிதர்தான் இவரும். கையில் என்ன இருக்கிறதோ அதனைக்கொண்டு போரிட்டார். முதலாவது சந்தர்ப்பத்தில் கையிலிருந்தது ஒரு விமானம். இரண்டாவதில், நிலத்தில் உட்கார்ந்துகொண்டால் எழும்ப மறுக்கும் பிடிவாதம்.

மூன்றாவதாக அவர் செய்த காரியமே, ஒரு பத்திரிகையாளன் என்ற முறையில் என்னை அதிகம் தொட்டது. அவர் நாட்குறிப்பு எழுதினார். யார் அடிக்கப்பட்டார், யார் அடித்தார், யாருக்கு என்ன நோய், மருந்து மறுக்கப்பட்டது எப்போது, இறந்தவர் யார் என்பவற்றையெல்லாம் இரகசியமாகக் குறித்து, மண்ணில் புதைத்து மறைத்து வைத்தார். கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் தலை தப்பியிராது. அந்தக் குறிப்புகள் போரின் பின்னர் யப்பானியப் போர்க்குற்ற விசாரணைகளில் சான்றாகப் பயன்பட்டன.

பசியோடு இருப்பவன் எதற்காக எழுத வேண்டும்? எழுதுவதால் ஒரு பிடி சோறு கூடப்போவதில்லை. ஆனால் ஒபுனாவில் பெயரே இல்லாமல் கிடந்த மனிதருக்கு, ஒரு பெயரை எழுதிவைப்பதன் பெறுமதி தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். எழுதப்பட்ட பெயருக்கு யாரோ ஒருவர் என்றோ ஒருநாள் பதில் சொல்லியாக வேண்டும். இறந்தவனின் வீட்டாருக்கு, அவன் எங்கே, எப்படி, எந்த நாளில் இறந்தான் என்றாவது தெரிய வேண்டும். ஒரு குடும்பத்துக்குச் செய்யக்கூடிய கடைசிக் கடமை அது. எமது நாட்டில் அந்தக் கடமையைச் செய்தவர்கள் மிகச் சிலர்.

யப்பானியரிடம் சிறைப்பட்ட மேற்கு நாட்டுப் போர்க்கைதிகளில் 27 சதவீதமானோர் மாண்டதாக டோக்கியோ விசாரணை மன்றம் கணக்கிட்டது. ஜேர்மனியரிடமும் இத்தாலியரிடமும் சிறைப்பட்ட பிரித்தானிய, அமெரிக்கக் கைதிகளில் இறந்தோர் 4 சதவீதம் மட்டுமே. பேர்ச்சல் பொறுப்பாக இருந்த முகாம்களில் இறப்புகள் ஏனைய முகாம்களைவிட வெகு குறைவாக இருந்தன. இந்தக் கணக்கில்தான் அவர் எத்தனை பேரை வீடு சேர்த்தார் என்பது அடங்கியிருக்கிறது. கொழும்பைக் காப்பாற்றினாரா என்று ஆய்வாளர்கள் வாதிடலாம். இதனைப் பற்றி வாதிட எவருமில்லை.

1945 ஓகஸ்ட் மாத இறுதியில் அவர் அமெரிக்கப் படையினரால் மீட்கப்பட்டார். 1946இல் அவருக்கு ‘ஓ.பி.ஈ.’ விருது வழங்கப்பட்டது. விருதுக்கான சான்றுரை, சிறைக்காலத்தில் சக கைதிகளின் நலனுக்காகத் தமது உயிரைப் பொருட்படுத்தாமல் நின்றமையையே எடுத்துரைத்தது. இலங்கைக் கடலில் காட்டிய துணிவுக்காக வேறொரு பதக்கம் கிடைத்தது. வான்படை இந்த இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டிருக்கிறது. நாம்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

போரின் பின்னர் அவர் வாஷிங்டனிலும் பாரிஸில் நேட்டோ அமைப்பிலும் கடமையாற்றினார். 1963 முதல் 1967 வரை, தாம் பயின்ற ரோயல் இராணுவக் கல்லூரிக்கே தளபதியாக இருந்தார். கனடாவின் முப்படைகளும் ஒன்றாக்கப்படவிருந்த வேளையில், அதற்கு உடன்பட மனமின்றி ஓய்வு பெற்றார். பின்பு யோர்க் பல்கலைக்கழகத்தில் நிர்வாகப் பணி புரிந்தார். முதுமையிலும் கௌரவப் பதவிகளில் வான்படையோடு தொடர்பைப் பேணினார். 62 ஆண்டுகாலச் சேவையைக் குறிக்கும் ஐந்து பட்டிகளோடு கூடிய கனடியப் படைச் சின்னம் அவர் மார்பில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ‘ஓர்டர் ஒஃப் கனடா’ விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2004 செப்டெம்பர் 10ஆம் திகதி, தமது 89ஆவது வயதில் கிங்ஸ்ரனில் காலமானார்.

இளம் அதிகாரிகளுக்கு அவர் சொல்லிவந்த கருத்தின் சாரம் இதுதான்: சின்னங்களும் பதவிகளும் கழன்று விழும் ஒரு நாள் வரும். அன்று உன்னுடைய ஆட்கள் உன்னை நம்பித் தமது உயிரை ஒப்படைப்பார்களா என்பதே கேள்வி. நூல்களைப் படித்துவிட்டு எவரும் இதைச் சொல்லலாம். அவர் சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி நின்று கற்றதைச் சொன்னார்.

கொக்கலையில் இன்று பறக்கும் படகுகள் இல்லை. சுதந்திர வர்த்தக வலயமும், உல்லாச விடுதிகளும், சிறியதொரு விமான ஓடுபாதையும் இருக்கின்றன. காலி வீதியால் மாத்தறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் வாவியைத் திரும்பிப் பார்ப்பதில்லை. போன தடவை அந்த வழியால் சென்றபோது நான் பஸ்ஸிலிருந்து இறங்கி, சிறிது நேரம் வாவிக்கரையில் நின்றேன். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அமைதியான நீர்ப்பரப்புத்தான்.

ஆனால் கனடாவில் இலங்கையின் அடையாளமொன்று இன்றும் பறந்துகொண்டிருக்கிறது. 413ஆம் படையணி நோவா ஸ்கோஷியாவிலுள்ள கிறீன்வூட் தளத்தில் இயங்கி வருகிறது. அதன் சின்னத்தில் இருப்பது யானைத் தலை. இலங்கையில் கடமையாற்றிய காலத்தின் நினைவு அது. படையணியைத் தந்தமுள்ள யானையைக் குறிக்கும் ‘டஸ்கர்’ என்ற பெயராலேயே அழைக்கிறார்கள்.

அந்தப் படையணியின் இன்றைய வேலை குண்டு வீசுவதோ எதிரியைத் தேடுவதோ அல்ல. அட்லாண்டிக் கடலில் புயலில் சிக்கிய மீனவர்களையும், மூழ்கும் கப்பல்களின் மாலுமிகளையும் தேடிப் பிடித்து மீட்டுவருவதே அதன் பணி. கடலில் காணாமற்போனவனைக் கண்டுபிடித்து அவனுடைய வீட்டாரிடம் சேர்ப்பிக்கும் பணி. பேர்ச்சலுக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னத்தை எவராலும் அமைத்திருக்க முடியாது.

அடுத்த ஏப்ரலில் எங்காவது ஒரு பத்திரிகையில் ‘இலங்கையின் இரட்சகர்’ என்ற தலைப்பு மீண்டும் வரக்கூடும். அதனை எழுதப்போகும் இளம் செய்தியாளர் ஒருவர் இப்பதிவைப் படிக்க நேர்ந்தால், அவரிடம் ஒரு வேண்டுகோள். தந்தியடித்த அந்தச் சில நிமிடங்களை எழுதுங்கள். அதன்பின் ரே தோமஸின் பெயரையும் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு, கடைசியாகச் சாப்பிட்ட அந்த மனிதரைப் பற்றியும், அவர் மண்ணில் புதைத்து வைத்த நாட்குறிப்பைப் பற்றியும் எழுதுவதற்கு இடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.